வண்டி எப்போது வரும்? அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நெடுந்தூர ரயில் ஏறப்போகிறவர்களுக்கு

பிரிட்டனில் படித்துவிட்டு அமெரிக்காவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் இடறுகிறார்கள். காலை 10 மணிக்கு ரயிலில் சிகாகோ போய் இறங்கி, மதியம் 1 மணி விமானத்தைப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போடுவார்கள். அங்கே ரயில் பல மணி நேரம் தாமதமாகலாம் என்பது அந்தக் கணக்கில் இருக்காது. அமெரிக்காவிலிருந்து பிரிட்டன் போகிறவர்கள் இடறுவது வேறு இடத்தில். அன்றைக்கு ஸ்டேஷனுக்குப் போய் டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம் என்று கிளம்பி, முன்கூட்டி வாங்கியிருந்தால் மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைத்திருக்கக்கூடிய இருக்கைக்கு முழுப் பணத்தையும் கொடுப்பார்கள்.

இரண்டு நாட்டிலும் தண்டவாள அகலம் ஒன்றுதான், நாலடி எட்டரை அங்குலம். மற்றபடி நெடுந்தூரப் பயணத்தில் இரண்டுக்கும் பொதுவானது கொஞ்சம். எந்தப் பயணத்தைத் திட்டமிடும்போதும் முதலில் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த வண்டியை விட்டால் அடுத்தது எப்போது? லண்டனிலிருந்து மான்செஸ்டருக்கோ எடின்பரோவுக்கோ பகலில் ஒரு மணி நேரத்துக்குள் அடுத்த வண்டி உண்டு. சிகாகோவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ பக்கம் போகும் கலிஃபோர்னியா செஃபிர் நாளுக்கு ஒன்றுதான். நியூ ஆர்லியன்ஸ் - லாஸ் ஏஞ்சலஸ் சன்செட் லிமிடெட் வாரத்துக்கு மூன்றே நாள். டிக்கெட் எடுப்பது, இடைவெளி விடுவது, மூட்டை கட்டுவது எல்லாம் இந்த ஒரு பதிலைப் பொறுத்துத்தான்.

ஏன் தாமதமாகிறது

அமெரிக்காவின் தேசியப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்டிராக் 1971 மே 1ஆம் தேதி ஓடத் தொடங்கியது. பயணிகள் வண்டியில் நஷ்டப்பட்டுக்கொண்டிருந்த தனியார் ரயில் கம்பெனிகள் அந்தச் சுமையை இறக்கி வைத்தன. தண்டவாளத்தைத் தங்களிடமே வைத்துக்கொண்டன. பாஸ்டன் - நியூயார்க் - வாஷிங்டன் தடத்தின் பெரும்பகுதியும் இன்னும் சில துண்டுகளும் மட்டும்தான் ஆம்டிராக்கின் சொந்தம். அதன் வண்டிகள் ஓடும் மைல்களில் ஏறக்குறைய 70 விழுக்காடு பிஎன்எஸ்எஃப், யூனியன் பசிபிக், சிஎஸ்எக்ஸ், நார்ஃபோக் சதர்ன் போன்ற கூட்ஸ் ரயில் கம்பெனிகள் முதலான பிறருடைய தடத்தில்தான். அந்தத் தடத்தில் எந்த வண்டிக்கு எப்போது சிக்னல் போடுவது என்பதைத் தடத்தின் சொந்தக்காரருடைய கட்டுப்பாட்டு அறை முடிவு செய்கிறது.

பயணிகள் வண்டிக்கே முதலில் வழிவிட வேண்டும் என்று 1973 முதல் சட்டம் இருக்கிறது. ஆனால் அதை மீறினால் வழக்குப் போடும் உரிமை ஆம்டிராக்குக்கு இல்லை, மத்திய அரசின் நீதி அமைச்சகத்துக்குத்தான் உண்டு. அந்த அமைச்சகம் 1979இல் ஒரு முறை வழக்குப் போட்டது. அடுத்த வழக்கு 2024 ஜூலையில்தான் வந்தது. நியூயார்க் - நியூ ஆர்லியன்ஸ் கிரெசன்ட் வண்டியைத் தாமதப்படுத்தியதாக நார்ஃபோக் சதர்ன்மேல் போட்டது அது. இடையில் 45 வருஷம். சட்டம் ஏட்டில் இருந்தும் வண்டி ஏன் நிற்கிறது என்பதற்கு இதுவே போதுமான விளக்கம்.

சிங்கிள் லைனில் கிராசிங்குக்கு நிற்பது நம்மூர்க்காரர்களுக்குப் பழகியதுதான். ஊரில் பெரும்பாலும் கூட்ஸை லூப் லைனில் ஒதுக்கிவிட்டு எக்ஸ்பிரஸை விடுவார்கள். அமெரிக்காவின் மேற்குப் பக்கத்தில் கூட்ஸ் வண்டி மூன்று கிலோமீட்டர் நீளம் இருக்கலாம், பல லூப் லைன்களின் நீளம் அதைவிடக் குறைவு. லூப்புக்குள் அடங்காத கூட்ஸை ஒதுக்க முடியாது என்பதால் ஒதுங்குவது பத்துப் பெட்டிப் பயணிகள் வண்டிதான். ஜன்னலுக்கு வெளியே இரண்டடுக்கு கண்டெய்னர்கள் ஒவ்வொன்றாகக் கடக்கும், எண்ண ஆரம்பித்தால் நூறைத் தாண்டும். கடைசி வாகனம் போன பிறகும் பாயின்ட் மாறி சிக்னல் விழச் சில நிமிஷம் பிடிக்கும். இந்த மாதிரி நாலு இடத்தில் நின்றால் ஒன்றரை மணி நேரம் போய்விடும்.

போன நேரத்தை ஓட்டிப் பிடிக்கவும் வழியில்லை. பெரும்பாலான கூட்ஸ் தடங்களில் பயணிகள் வண்டிக்கு உச்ச வேகம் மணிக்கு 79 மைல், அதாவது 127 கி.மீ. அதற்கு மேல் ஓட வேண்டுமானால் ஓட்டுநர் அறைக்குள்ளேயே சிக்னல் காட்டும் கருவியோ தானாக நிறுத்தும் கருவியோ தடத்தில் இருக்க வேண்டும் என்பது பல பத்தாண்டு விதி. இன்னொரு விதி, ஓட்டுநரும் கண்டக்டரும் 12 மணி நேரத்துக்கு மேல் பணியில் இருக்கக் கூடாது. ஏற்கெனவே தாமதமான வண்டியில் அந்தக் கெடு முடிந்துவிட்டால், மாற்று ஆள் காரில் வந்து சேரும்வரை வண்டி நடுக்காட்டில் நிற்கும். மூன்று மணித் தாமதம் ஆறு மணியாவது இப்படித்தான். பாதுகாப்புக்கான விதி அது, கண்டக்டரிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

பிரிட்டனில் தண்டவாளமும் சிக்னலும் நெட்வொர்க் ரெயில் என்ற அரசு அமைப்புடையவை. அங்கே நெரிசல் பயணிகள் வண்டிகளுக்குள்ளேயேதான். லண்டன் யூஸ்டன் - கிளாஸ்கோ தடத்தில் மணிக்கு 125 மைல் வேகத்தில் ஓடும் எக்ஸ்பிரஸும், ஊருக்கு ஊர் நிற்கும் வண்டியும், கூட்ஸும் ஒன்றன் பின் ஒன்றாக ஓடுகின்றன. ஒரு சிக்னல் பழுதானால் பின்னால் இருபது வண்டிக்குத் தாமதம் ஒட்டிக்கொள்ளும். இலையுதிர் காலத்தில் விழும் இலைகள் சக்கரத்தில் நசுங்கித் தண்டவாளத்தின் மேல் வழுக்கும் படலமாகப் படிகின்றன. பிரேக் பிடிக்காது, வண்டியும் எளிதில் வேகம் எடுக்காது. வெயில் இன்னொரு தொல்லை. பிரிட்டிஷ் தண்டவாளம் 27 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சமநிலையில் இருக்கும்படி இழுத்துப் பொருத்தப்படுகிறது. காற்று 30 டிகிரி இருக்கும்போது வெயிலில் கிடக்கும் இரும்பு 50ஐத் தொடும். நெளிந்துவிடக் கூடாது என்று வேகத்தைக் குறைப்பார்கள். ‘முப்பது டிகிரிக்கே ரயில் நிற்கிறதா’ என்று சென்னைக்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள். நம் தண்டவாளம் நம் வெயிலுக்கு ஏற்பப் பொருத்தப்பட்டது, அவர்களுடையது அவர்கள் குளிருக்கும் சேர்த்துப் பொருத்தப்பட்டது.

‘நேரத்துக்கு வந்தது’ என்றால் என்ன

இரண்டு நாட்டு விழுக்காடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். பிரிட்டனில் 2019 முதல் பயன்படும் முதன்மை அளவு மிகக் கறாரானது: நேரம் பதிவாகும் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் குறித்த நேரத்துக்கு 59 விநாடிக்குள் வந்தால்தான் கணக்கு. அந்த அளவில் சமீப ஆண்டுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தேறுகிறது. அதற்கு முன் இருந்த பழைய அளவில் கடைசி ஸ்டேஷனை மட்டும் பார்ப்பார்கள், நெடுந்தூர வண்டிக்கு 10 நிமிஷம் சலுகையும் உண்டு. அமெரிக்காவில் 2020இல் வந்த விதியின்படி, ஒவ்வொரு பயணியும் தான் இறங்கும் ஸ்டேஷனுக்கு 15 நிமிஷத்துக்குள் வந்தாரா என்று பார்க்கிறார்கள். 80 விழுக்காட்டுப் பயணிகள் தேற வேண்டும் என்பது இலக்கு. நெடுந்தூர வண்டிகள் பலவும் அந்த இலக்குக்கு வெகு கீழே இருக்கின்றன. ஆக, பிரிட்டனில் ‘தாமதம்’ என்று பதிவாவது இரண்டு நிமிஷமாக இருக்கலாம், அமெரிக்காவில் அதே சொல் நாலு மணி நேரத்தைக் குறிக்கலாம்.

அமெரிக்கக் கால அட்டவணையில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கடைசி ஸ்டேஷனுக்கு முந்தைய துண்டில் தாராளமாக நேரம் போட்டிருப்பார்கள். அதனால் நடுவில் ஒன்றரை மணி நேரம் பின்தங்கிய வண்டி கடைசியில் அரை மணித் தாமதத்தோடு போய்ச் சேருவது சாதாரணம். நடு ஸ்டேஷனில் இறங்குகிறவர்களுக்கு இந்தச் சலுகை கிடைக்காது.

பிரிட்டனில்: டிக்கெட்டில் கவனம்

வந்து இறங்கிய வாரமே ரெயில்கார்டு என்ற தள்ளுபடி அட்டையை வாங்கிவிடுங்கள். 16 முதல் 25 வயதுவரை ஒன்று, 26 முதல் 30வரை இன்னொன்று. முழுநேர மாணவராக இருந்தால் 26 வயதுக்கு மேலும் முதல் வகை கிடைக்கும். 2025 மார்ச் முதல் வருஷத்துக்கு 35 பவுண்டு. டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும் என்பதால் 105 பவுண்டுக்குப் பயணம் செய்தாலே போட்ட காசு வந்துவிடும். கார்டு கைபேசியில் இருந்தால் சார்ஜ் தீர விடாதீர்கள். தள்ளுபடி டிக்கெட்டைக் காட்டிக் கார்டைக் காட்ட முடியாவிட்டால் டிக்கெட் இல்லாத பயணியாகவே நடத்துவார்கள். இங்கிலாந்தில் அபராதம் 100 பவுண்டும் பயணக் கட்டணமும். 21 நாளுக்குள் கட்டினால் அபராதம் 50 ஆகக் குறையும்.

அடுத்து தேதி. கிறிஸ்துமஸ் அன்று நாடு முழுவதும் ரயில் கிடையாது, மறுநாளும் ஏறக்குறைய இல்லை. டிசம்பர் 25 காலை விமானத்துக்கு ரயிலை நம்பி டிக்கெட் எடுத்துவிட்டுத் தவிக்கிற மாணவர்கள் வருஷாவருஷம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் தடப் பராமரிப்பு நடக்கும், பாதித் தூரம் பஸ்ஸில் ஏற்றுவார்கள். பயணத் திட்டத்தில் ஒரு துண்டுக்கு எதிரே பஸ் படம் இருந்தால் அதுதான் அர்த்தம், பெரிய பெட்டிகளோடு போகிறவர்கள் அந்த நாளைத் தவிர்ப்பது நல்லது. மலிவு டிக்கெட்டுகள் பெரும்பாலும் 12 வாரம் முன்பே விற்பனைக்கு வரத் தொடங்கும்.

டிக்கெட் வகைகளில் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும். அட்வான்ஸ் என்பது மலிவானது, குறிப்பிட்ட அந்த ஒரு வண்டிக்கு மட்டுமே செல்லும், நடுவில் இறங்கக் கூடாது. ஆஃப்-பீக் கூட்டமில்லாத நேரத்து வண்டி எதற்கும் செல்லும். எனிடைம் எதற்கும் எப்போதும் செல்லும், விலையும் அதற்கேற்ப ஏறும். அட்வான்ஸ் டிக்கெட்டை வைத்துக்கொண்டு ஒரு மணி முந்தைய வண்டியில் ஏறினால் அது செல்லாத டிக்கெட். ‘சீட் காலியாகத்தானே இருக்கிறது’ என்ற நியாயம் அங்கே எடுபடாது.

ஒரே பயணத்தை இரண்டு மூன்று டிக்கெட்டாகப் பிரித்து வாங்கினால் பல தடங்களில் விலை குறையும். இது முறையானதுதான். வண்டி அந்தப் பிரிவு ஸ்டேஷனில் நிற்க வேண்டும், நீங்கள் இறங்க வேண்டியதில்லை. தாமத இழப்பீட்டுக்கு முழுப் பயணமும் ஒன்றாகவே கணக்கிடப்படும். வாங்கும்போது காட்டிய பயணத் திட்டத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் வண்டி தாமதமாகி இணைப்பு விட்டுப்போனால், புது டிக்கெட் வாங்காமல் அடுத்த வண்டியில் போக அதுவே ஆதாரம். ஏறுவதற்கு முன் ஸ்டேஷன் ஊழியரிடமோ வண்டியின் கார்டிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

பயண நாளில் கதவு புறப்படும் நேரத்துக்கு முன்பே மூடிவிடும், சில கம்பெனிகள் இரண்டு நிமிஷம் முன்பே. 10:00 வண்டிக்கு 9:59க்கு ஓடி வந்தால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டியதுதான். பெரிய ஸ்டேஷன்களில் நடைமேடை எண் கடைசிப் பத்து நிமிஷத்தில்தான் பலகையில் வரும், எனவே பலகையின் கீழேயே நில்லுங்கள்.

பிரிட்டனைப் பாராட்டியே ஆக வேண்டிய இடம் டிலே ரீபே என்ற இழப்பீட்டு முறை. காரணம் என்னவானாலும் சரி, போய்ச் சேர்ந்தது எத்தனை நிமிஷம் தாமதம் என்பதுதான் கேள்வி. பெரும்பாலான கம்பெனிகளில் 15 நிமிஷத்துக்குக் கால்வாசி, 30க்குப் பாதி, 60க்கு அந்தத் திசையின் முழுக் கட்டணம். 60 பவுண்டு டிக்கெட்டில் 35 நிமிஷம் தாமதமானால் 30 பவுண்டு உங்களுக்கு வர வேண்டும். சில கம்பெனிகளில் 30 நிமிஷத்திலிருந்துதான் தொடங்கும். 28 நாளுக்குள் அந்தக் கம்பெனியின் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும், டிக்கெட் விற்ற செயலியில் அல்ல. தாமதத்தால் பயணத்தையே கைவிட்டால் அட்வான்ஸ் டிக்கெட்டுக்கும் முழுப்பணம் திரும்பும். கடைசி வண்டி ரத்தாகி ராத்திரியில் மாட்டிக்கொண்டால் தானே டாக்ஸி பிடிக்காதீர்கள். முதலில் ஊழியரிடம் கேளுங்கள், ஊர் கொண்டுபோய்ச் சேர்க்க முடிந்ததைச் செய்வதும், வேறு வழியில்லாவிட்டால் தங்க ஏற்பாடு செய்வதும் அவர்கள் பயண நிபந்தனைகளிலேயே இருக்கிறது. விமானம் தவறினால் அதற்கும் ஈடு கிடைக்கும் என்று மட்டும் நம்பியிருக்காதீர்கள்.

அமெரிக்காவில்: இடைவெளியில் கவனம்

வாஷிங்டன் - நியூயார்க் - பாஸ்டன் தடத்தை இந்தப் பகுதியிலிருந்து தள்ளி வையுங்கள். அங்கே வண்டிகள் அடிக்கடி உண்டு, பிரிட்டன் மாதிரியே திட்டமிடலாம். சிகாகோ - மில்வாக்கி, லாஸ் ஏஞ்சலஸ் - சான் டியேகோ போன்ற குறுந்தடங்களும் அப்படித்தான். கீழே சொல்வது ராத்திரி தங்கிப் போகும் வண்டிகளுக்கு.

முதலில், போகிற ஊரில் ரயில் இருக்கிறதா என்று பாருங்கள். லாஸ் வேகாஸுக்கு 1997க்குப் பிறகு பயணிகள் ரயில் இல்லை. நாஷ்வில்லுக்கும் ஒஹாயோவின் கொலம்பஸுக்கும் நெடுந்தூர ரயில் இல்லை. ஃபீனிக்ஸுக்குப் போகிறவர்கள் தெற்கே மரிகோபாவில் இறங்க வேண்டும். ஹூஸ்டனுக்கு வாரத்துக்கு மூன்று நாள்தான். சான் பிரான்சிஸ்கோவுக்கு வளைகுடாவின் எதிர்க்கரையில் எமரிவில்லில் இறங்கி ஆம்டிராக் இணைப்புப் பஸ். இருக்கிறதென்றால் எத்தனை மணிக்கு என்று பாருங்கள். கிளீவ்லாந்தில் நெடுந்தூர வண்டிகள் நடுராத்திரிக்கு மேல்தான் வருகின்றன. சால்ட் லேக் சிட்டியில் மேற்கு நோக்கிய செஃபிர் இரவு பதினொன்றை ஒட்டி வரும், கிழக்கு நோக்கியது அதிகாலை மூன்றை ஒட்டி. இப்படிப்பட்ட ஊரில் தாமதம் என்பது குளிரில் காத்திருப்பது. பல சிறிய ஸ்டேஷன்களில் ஊழியரே கிடையாது, மேடையும் விளக்கும் மட்டும்.

எல்லா நேரமும் அந்தந்த ஊர் நேரம் என்பதை மறக்க வேண்டாம். சிகாகோ - எமரிவில் 2,438 மைல், சுமார் 52 மணி நேரம், மூன்று நேர மண்டலம். அரிசோனா கோடையில் கடிகாரத்தை மாற்றாது என்பதால் அந்த மாநிலம் வழியாகப் போகும் சவுத்வெஸ்ட் சீஃப் வண்டியின் பயணிகளுக்குக் குழப்பம் கூடுதல்.

டிக்கெட் விலை விமானம் போலவே ஏறி இறங்கும், முன்கூட்டி வாங்குவதே மலிவு. 17 முதல் 24 வயது மாணவர்களுக்கு 15 விழுக்காடு தள்ளுபடி உண்டு. நாட்டைச் சுற்றிப் பார்க்க நினைப்பவர்களுக்கு 30 நாளில் 10 பயணம் என்ற ரயில் பாஸ் 499 டாலர், வண்டி மாறினால் ஒவ்வொன்றும் ஒரு பயணமாகக் கழியும்.

இணைப்பு வண்டி விஷயத்தில் ஒரு விதியைக் கண்டிப்பாகப் பின்பற்றுங்கள்: முழுப் பயணத்தையும் ஒரே முன்பதிவில் எடுங்கள். நியூயார்க்கிலிருந்து லேக் ஷோர் லிமிடெட்டில் காலை சிகாகோ வந்து மதியத்துக்கு மேல் மேற்கே போகும் வண்டியில் ஏறுவது வழக்கமான இணைப்பு. நடுவில் சில மணி நேரம் இருக்கும். அந்த நேரமும் சில நாள் போதாது. ஒரே முன்பதிவாக இருந்தால் அடுத்த வண்டியில் இடமோ மாற்று வழியோ, தேவைப்பட்டால் ராத்திரி தங்குவதோ ஆம்டிராக்கின் பொறுப்பு. இரண்டு டிக்கெட் தனித்தனியாக எடுத்திருந்தால் இரண்டாவது வண்டிக்கு நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். விமானம், கப்பல், விசா நேர்முகம், வேலையில் சேரும் முதல் நாள் எதுவானாலும் ரயில் போய்ச் சேரும் நாளிலேயே வைக்காதீர்கள். ஒரு ராத்திரி இடைவெளி விடுங்கள். ஹோட்டல் செலவைப் பார்த்து இதைத் தட்டிக்கழிக்கத் தோன்றும். தவறிப்போன விமான டிக்கெட் அதைவிட எவ்வளவோ அதிகம்.

சில வண்டிகள் நடுவழியில் இரண்டாகப் பிரியும். சிகாகோவிலிருந்து மேற்கே போகும் எம்பயர் பில்டர் ஸ்போகேனில் பிரிந்து ஒரு பாதி சியாட்டிலுக்கும் மறுபாதி போர்ட்லாந்துக்கும் போகும், அதுவும் ராத்திரியில். நண்பரோடு பேசிக்கொண்டே மற்றப் பெட்டியில் தூங்கிவிட்டால் விடியும்போது வேறு மாநிலம்.

சாமான் விஷயத்தில் ஆம்டிராக் தாராளம். கையில் தலா 50 பவுண்டு எடையுள்ள, அதாவது 23 கிலோ, இரண்டு பெட்டி கொண்டுபோகலாம். லக்கேஜ் வசதி உள்ள ஸ்டேஷன்களுக்கு இடையே இன்னும் இரண்டு 50 பவுண்டுப் பெட்டிகளை இலவசமாக ஒப்படைக்கலாம், புறப்பட 45 நிமிஷம் முன்பே கொடுத்துவிட வேண்டும். பல்கலைக்கழகம் மாறும் மாணவர்களுக்கு இது பெரிய உதவி. இறங்கும் ஸ்டேஷனிலும் லக்கேஜ் வசதி இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

கோச் என்ற சாதாரண வகுப்பின் இருக்கை அகலமானது, நன்றாகச் சாயும், காலுக்குத் தாங்கலும் உண்டு. ஆனால் போர்வை, தலையணை தரமாட்டார்கள், ராத்திரியில் ஏசி குளிரும். சால்வையும் காலுறையும் அவசியம். சைவம் சாப்பிடுகிறவர்கள் வண்டியிலுள்ள சிற்றுண்டிக் கடையை மட்டும் நம்பிப் போக வேண்டாம். புளியோதரை இரண்டு நாள் தாங்கும். முதல் நாள் மாலைக்கு இட்லி மிளகாய்ப்பொடி தடவி எடுத்துக்கொண்டால் போதும். சப்பாத்தி, பொடி, பழம், வேர்க்கடலை என்று திட்டமிட்டதைவிட இரண்டு வேளைக்குக் கூடுதலாக எடுங்கள், அந்த இரண்டு வேளைதான் தாமதத்துக்கு. தயிர் சாதத்தை முதல் வேளையிலேயே முடித்துவிடுங்கள். வெளியுணவைச் சூடாக்கித் தர மாட்டார்கள். ரூமெட் என்ற சிறு படுக்கை அறை எடுத்தால் சாப்பாடு கட்டணத்திலேயே அடங்கும்.

பாஸ்போர்ட்டும் விசா நிலையைக் காட்டும் தாள்களும் கைப்பையில் இருக்கட்டும், ஒப்படைத்த பெட்டியில் அல்ல. குடியுரிமை இல்லாத 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் குடியேற்றப் பதிவு ஆவணத்தை உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். கனடா எல்லையை ஒட்டிய தடங்களில் எல்லைக் காவலர்கள் வண்டியில் ஏறிக் கேட்பதுண்டு. பிரிட்டன் ரயிலில் இப்படி யாரும் கேட்பதில்லை என்பதால் அங்கிருந்து வருகிறவர்கள் இதை மறக்கிறார்கள்.

கிளம்பும் நாளில் செய்ய வேண்டியவை வரிசையாக:

1. காலையிலேயே ஆம்டிராக் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு நிலவரம் பாருங்கள். நடு ஸ்டேஷனில் ஏறுகிறீர்கள் என்றால் வண்டி இப்போது எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தெரியும்.
2. தொடங்கும் ஸ்டேஷனில் ஏறுகிறீர்கள் என்றால் எதிர்த்திசையில் வர வேண்டிய வண்டியைப் பாருங்கள். அந்தப் பெட்டிகளே சுத்தம் செய்யப்பட்டுத் திரும்பக் கிளம்பும் பல இடங்களில். அது எட்டு மணித் தாமதம் என்றால் உங்களுடையதும் நேரத்துக்குக் கிளம்புவது கடினம்.
3. தாமதம் காட்டினாலும் வீட்டில் நிதானமாக உட்காராதீர்கள். காட்டும் நேரம் மதிப்பீடுதான், இடையில் குறையவும் செய்யும். அரை மணி முன்பாவது மேடையில் இருங்கள்.
4. ஏறும் இடத்தில் பெட்டியைப் பணியாளர் சொல்வார். இருக்கைக்கு மேல் கண்டக்டர் ஒரு சிறு தாள் சொருகுவார், நீங்கள் இறங்கும் ஸ்டேஷனின் மூன்றெழுத்துக் குறி அதில் இருக்கும். ராத்திரி மூன்று மணிக்கு உங்களை எழுப்புவது அந்தத் தாளைப் பார்த்துத்தான். இருக்கை மாறினால் தாளையும் எடுத்துப் போங்கள்.

வண்டி ஓடத் தொடங்கியபின் மலையிலும் பாலைவனத்திலும் கைபேசி சிக்னல் பல மணி நேரம் இருக்காது. மேற்கத்திய வண்டிகளில் வைஃபையை எதிர்பார்க்க வேண்டாம். இணைய வழிக் கூட்டம், தேர்வு எதையும் வண்டியில் வைத்துக்கொள்ளாதீர்கள். டென்வர் போன்ற பெரிய ஸ்டேஷன்களில் இறங்கிக் காலாற நடக்கலாம், ஆனால் தாமதமான வண்டி அந்த நிறுத்தத்தைச் சுருக்கும். கண்டக்டர் சொல்லும் நேரத்தை மட்டும் நம்புங்கள், கதவு கண்ணில் படும் தூரத்தை விட்டுப் போகாதீர்கள்.

தாமதத்துக்கு டிலே ரீபே போன்ற உரிமை அமெரிக்காவில் கிடையாது. பல மணி நேரம் தாமதமானால் வாடிக்கையாளர் சேவைக்கு முன்பதிவு எண், வண்டி எண், தேதி, சேர வேண்டிய நேரம், சேர்ந்த நேரம் ஐந்தையும் எழுதிக் கேளுங்கள். அடுத்த பயணத்துக்கான வவுச்சர் தருவதுண்டு, தருவது அவர்கள் விருப்பம். இணைப்பு விட்டுப்போகும் என்று தெரிந்தால் இறங்கும்வரை காத்திருக்காமல் சிக்னல் கிடைக்கும் முதல் இடத்திலேயே தொலைபேசியில் கூப்பிடுங்கள். அடுத்த நாள் வண்டியில் மிஞ்சியிருக்கும் இடங்களுக்கு உங்களைப் போலவே இணைப்பை விட்ட மற்றவர்களும் போட்டி.

கடைசியாக, அழைத்துப்போக வருகிறவரிடம் நேரத்தை மட்டும் சொல்லாதீர்கள். வண்டி எண்ணையும் அது தொடங்கிய தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். மேற்கே போகும் செஃபிரின் எண் 5. பயணம் 52 மணி நேரம் என்பதால் ஒரே சமயத்தில் இரண்டு மூன்று 5ஆம் எண் வண்டிகள் தடத்தில் ஓடிக்கொண்டிருக்கும். தேதி தெரியாதவர் நேற்றைய வண்டியைத் திரையில் பார்த்துவிட்டு, நீங்கள் இன்னும் ஒரு நாள் பயணத் தூரத்தில் இருக்கும்போது எமரிவில் மேடையில் வந்து நிற்பார்.